குண்டானுக்குள் கொரோனா

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் எங்கள் தெருவில் யாராவது சொல்லிவிடப் போகிறார்கள். என் காதில் ஒரு சேதி விழுந்தால் உலை கொதிப்பதற்குள் அது தெருக்கோடிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அப்படிப்பட்ட என்னிடம்தான், கொரோனா இரண்டாவது முறையாக வந்து ஆட்டிவைத்த வருஷத்தில், ஒரு குடும்பத்து ரகசியம் வந்து மாட்டிக்கொண்டது.

எங்கள் தெரு பழவேற்காட்டில், கோட்டைக்குப்பத்தைத் தாண்டி, ஏரிக்கரையோடு ஒட்டினாற்போல இருக்கிறது. ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பதுதான் தொழில். தண்ணீர் வடிந்த நேரமாகப் பார்த்து இறங்கி, குனிந்து, சேற்றைத் தடவிக்கொண்டே நகர வேண்டும். அகப்பட்ட இறாலைப் போட்டுக்கொள்ளப் பனையோலையில் முடைந்த பறி என்ற கூடை உண்டு. இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வோம். மாஸ்க் போடச் சொல்லி ஆட்டோவில் மைக் கட்டிக் கத்தியபோது எங்கள் பெண்கள் கேட்ட முதல் கேள்வி, பறியை மாஸ்க்குக்கு உள்ளே கவ்வுவதா, வெளியே கவ்வுவதா என்பதுதான். மைக் பிடித்தவருக்குக் கேள்வி புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

நான் மட்டும் கரையில் இருப்பேன். ஒரு கெளுத்தி முள் என் வலது உள்ளங்கையில் ஏறி, சீழ் வைத்து, ஆறிய பிறகும் விரல்கள் சரியாக மடங்கவில்லை. அதனால் பூவரச மரத்தடியில் டீயும் மசால்வடையும் போட்டேன், போனுக்கு ரீசார்ஜ் செய்து கொடுத்தேன். பன்னிரண்டாவது வரை படித்தவள் என்பதால் தெருவில் எந்தப் போன் மக்கர் செய்தாலும் என்னிடம்தான் வரும். தண்ணீரில் இறங்குகிறவர்களும் போனை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். முதலில் ஒரு துண்டை விரித்து அதில் வைத்தேன். ஒரு நாய் ஒரு போனைக் கவ்விக்கொண்டு ஓடிய பிறகு, பழைய அலுமினியக் குண்டான் ஒன்றை எடுத்து, உள்ளே கிழிந்த சேலையை மெத்தை மாதிரி மடித்துப் போட்டு, எல்லாப் போனையும் அடுக்கி மூடி போட்டுவிட ஆரம்பித்தேன்.

குண்டானுக்குள் போன் அடித்தால் கரையெல்லாம் கேட்கும். யாருடைய போன் என்று பாட்டை வைத்தே சொல்லிவிடுவேன். எடுத்து, தண்ணியில கீது, கரைக்கு வந்ததும் சொல்றேன் என்பேன். எங்கள் தெருவில் ஒரு பெண்ணின் போன் குண்டானுக்குள் இருந்தால் அவள் ஏரிக்குள் இருக்கிறாள் என்று அர்த்தம். புருஷனிலிருந்து மாமியார் வரை அதை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

கொரோனாவுக்கான ஆப் வந்தபோது எல்லார் போனிலும் அதைப் போட்டுவிட்டவளும் நான்தான். சுகாதார நிலையத்திலிருந்து ஸ்கூட்டியில் வரும் நர்ஸ் என்னிடம் கேட்டுக்கொண்டாள். சின்னப் பெண், பொன்னேரிப் பக்கம், என்னை அக்கா என்பாள், நான் சிஸ்டர் என்பேன். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் போன்கள் ஒன்றையொன்று குறித்து வைத்துக்கொள்ளும், ஒருத்தருக்கு நோய் வந்தால் அவர் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் சேதி போகும் என்று விளக்கினாள். நான் மரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொரு போனாக வாங்கி, பேர், வயசு, இருமல் உண்டா என்று கேட்டுக் கேட்டுத் தட்டினேன்.

ஆண்கள் தகராறு செய்தார்கள். போகிற இடமெல்லாம் ஆப்புக்குத் தெரியும் என்றால் நண்டு வளை இருக்கிற இடமும் தெரிந்துவிடுமே என்பது அவர்கள் கவலை. ஏரியில் எவன் எங்கே நண்டு எடுக்கிறான் என்பதை அவன் சம்சாரத்திடம்கூடச் சொல்வதில்லை. தில்லிக்குத் தெரிந்துவிட்டால் பழவேற்காட்டுக்குத் தெரிய எத்தனை நேரம் ஆகும் என்று ஒருவர் கேட்டார். பெண்கள் வளையைப் பற்றியெல்லாம் கேட்கவில்லை. ஒரே ஒரு சந்தேகம்தான் அவர்களுக்கு, இதையெல்லாம் புருஷன் பார்க்க முடியுமா என்று. முடியாது என்றேன், உடனே போனை நீட்டினார்கள்.

நான் அப்போது சிரித்தேன். டிவியில் கோட்டு போட்டவர்கள் உட்கார்ந்து அந்தரங்கம் போய்விட்டது, உரிமை போய்விட்டது என்று அடித்துக்கொண்டபோதும் சிரித்தேன். எங்கள் தெருவில் எது அந்தரங்கம்? ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கு வயிற்றுப்போக்கு, எந்தப் புருஷன் குடித்துவிட்டு வந்தான் என்பதெல்லாம் விடிவதற்குள் எல்லாருக்கும் தெரியும். இங்கே புதிதாக ஒரு ஆப் வந்து எதைக் கெடுத்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

என் வரிசையில் மூன்று வீடு தள்ளி ஒரு அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை, உறவில் அக்கா முறை. அவள் வீட்டுக்காரர் எனக்கு மாமா. ஏரியில் நண்டு எடுப்பதில் மாமாவை அடித்துக்கொள்ள ஆளில்லை, கோபத்திலும் அப்படித்தான். அவர்களுக்கு ஒரே மகள். அவள் செல்போன் டவர் வேலை பார்க்கிற பையன் ஒருவனை விரும்பி, சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டு பொன்னேரிக்குப் பக்கத்து அனுப்பம்பட்டுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு மாமா நடுத்தெருவில் நின்று, இனிமேல் அவள் பேர் இந்த வீட்டில் கேட்கக் கூடாது, கேட்டால் என்னை யாரும் உயிரோடு பார்க்க முடியாது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் தெருவில் வைத்துச் சொன்ன வார்த்தையைத் திரும்பி வாங்குவது லேசு இல்லை. அக்காவும் வாயை மூடிக்கொண்டாள்.

மகள் உண்டாகியிருக்கிறாள் என்று காற்றுவாக்கில் சேதி வந்தது. அதற்கு அப்புறம் ஒருநாள் அக்கா மதியம் கரைக்கு வந்து போனைக் கேட்டாள். சேலை மார்புவரை நனைந்திருந்தது. போனைக் கையில் கொடுக்கும்போது அவள் விரல்கள் என் விரலில் பட்டன. அரைநாள் சேற்றைத் தடவின கை வெளுத்து, ஊறி, சுருங்கிப் போயிருக்கும். அக்காவின் கை பளபளவென்று இருந்தது. கையை விடாமல் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

போனை என்னிடம் கொடுத்துவிட்டு வடக்கே தூரமாகத் தடவப் போகிறவள் மாதிரி கரையோரம் நடப்பாளாம். ஐஸ் கொட்டகைக்குப் பின்னால் பொன்னேரி சந்தைக்கு மீன் ஏற்றிக்கொண்டு போகும் லோடு ஆட்டோ நிற்கும். அதில் ஏறி, மகளைப் பார்த்து, தலைக்கு எண்ணெய் வைத்து, இறால் குழம்பு கொடுத்துவிட்டு, வண்டி திரும்பும்போது கூடவே வந்து, ஏரியில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுக் கரையேறுவாளாம். டிரைவர் தங்கமான ஆள், ஐஸ் பெட்டி மேல் குளிராமல் உட்கார இரண்டு சாக்கை மடித்துப் போட்டுவைக்கிறார் என்று அழுகைக்கு நடுவிலும் அவருக்கு நற்சான்று கொடுத்தாள். மகள் நம்பரைத் தன் போனில் வைத்துக்கொள்ளப் பயம். அதனால் அன்றிலிருந்து என் போனிலிருந்துதான் பேசினாள். யாரிடமும் வாயைத் திறக்க மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். என் வாயை அந்த அழுகை மூடிவிட்டது. அந்தச் சில மாதங்கள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். டீ ஊற்றிக்கொண்டே இருப்பேன், ரகசியம் தொண்டைவரை வரும், ஒரு வடையை எடுத்து வாயில் போட்டுக்கொள்வேன். அந்த வருஷம் நான் குண்டானதற்கு ஊரடங்கு காரணம் இல்லை.

மகளுக்கு மாதம் ஏறிக்கொண்டே போயிற்று. ஒருமுறை போய்விட்டு வந்த நாலாம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல். மூச்சு வாங்கியது. டெஸ்ட் எடுத்ததில் கொரோனா என்று வந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றிப் பொன்னேரியில் ஒரு கல்லூரிக் கட்டிடத்தில் போட்டிருந்த முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் தெருவே அலறியது. எல்லார் போனிலும் அதுவரை பச்சையாக இருந்த ஆப்பின் நிறம் மாறிவிட்டது. நோயாளிக்கு மிக அருகில், மணிக்கணக்காக இருந்திருக்கிறீர்கள் என்று சேதி. தெருவின் இரண்டு முனையிலும் மூங்கில் கட்டினார்கள். குண்டானில் போன் வைத்த வீடு ஒன்று பாக்கியில்லாமல் உள்ளே அடைபட்டது, என்னையும் சேர்த்து.

இதில் யாருக்கு முதலிடம் என்று நினைக்கிறீர்கள்? என் எதிர்வரிசையில் ஒருத்தி, அவளுக்கும் அக்காவுக்கும் ஆகவே ஆகாது. தடவிக்கொண்டு போகும்போது குறுக்கே வந்தாள் என்று ஆரம்பித்த சண்டை, இரண்டு பொங்கல் கடந்தும் பேச்சுவார்த்தை இல்லை. அக்காவின் நிழல் பட்டாலே தலைக்கு ஊற்றிக்கொள்கிற ரகம் அவள். இரண்டு பேரின் போனும் ஒரே அளவு என்பதால் நான் எப்போதும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவேன். ஆப்பின் கணக்கில் அக்காவுக்கு உலகத்திலேயே மிக நெருங்கியவள் அவள்தான். வாசலில் நின்று போனையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

சிரிப்பு அடங்கியதும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தண்ணீருக்குள் பத்தடிக்கு ஒருத்தியாகச் சிதறிக் கிடந்தவர்களை ஆப் பிடித்துவிட்டது. நோய் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அக்கா யார் தலையை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்தாளோ அவளைப் பற்றி ஆப்புக்கு எதுவுமே தெரியாது. நிறைமாதம் நெருங்குகிற பெண். தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

கதவைச் சாத்திக்கொண்டு, தலையணையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு மகளுக்குப் போன் செய்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்காமல் பேசுவது எனக்குப் பழக்கமே இல்லாத வேலை. உங்கம்மாவுக்கு வந்திருக்கிறது, நீ இன்றைக்கே டெஸ்ட் எடு என்றேன். அந்தப் பெண் பயந்துபோய், தனக்கும் இரண்டு நாளாக உடம்பு வலி என்றாள். ஆனால் டெஸ்ட் எடுக்க மாட்டாளாம். அங்கே போனால் யாரிடமிருந்து வந்தது என்று கேட்பார்கள், அம்மா பேரைச் சொன்னால் சரிபார்க்க வீட்டுக்குப் போன் போகும், வீட்டு நம்பர் என்று பதிந்திருப்பது அப்பா நம்பர்.

"நைனாவுக்குத் தெரிஞ்சா அம்மாவ வூட்ல சேக்கவே மாட்டாரு சித்தி. எனக்கு ஒண்ணும் ஆவாது, வுடு."

எனக்கு வந்த கோபத்தில் தலையணையைத் தூக்கி எறிந்தேன். வயிற்றில் இருக்கிறதுக்கு யாருடி பதில் சொல்வது என்று கேட்டேன். அவள் அழுதாள். போனை வைத்துவிட்டு நானும் அழுதேன். சொன்னால் அக்காவுக்கு வீடு போகும், சொல்லாவிட்டால் அவள் பெண்ணுக்கு என்ன போகும் என்றே தெரியாது. டிவியில் கோட்டு போட்டவர்கள் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்களோ என்று அப்போதுதான் உறைத்தது. அவர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டே பேசினார்கள். நான் தலையணைக்கு அடியில் பேசினேன்.

பத்து மணிக்கு நர்ஸ் வந்தாள். மூங்கிலைத் தாண்டி நடுத்தெருவில் நின்றாள், நாங்கள் அவரவர் வாசலில் நின்றோம். மாஸ்க்கும் தூரமுமாக இருந்ததால் எல்லாருமே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. முதலில் குண்டான் விஷயம் வெளியே வந்தது. போன்கள்தான் ஒன்றாக இருந்தன, நாங்கள் இல்லை என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். நர்ஸுக்கு விளங்கவில்லை. நான் உள்ளே போய்க் குண்டானை எடுத்துவந்து, மூடியைத் திறந்து காட்டினேன். மாஸ்க்குக்கு மேல் அவள் கண் சிரித்ததைப் பார்த்தேன். அப்படியானால் கொரோனா போனுக்குத்தான் என்றாள். தெருவே சிரித்தது.

அதற்கப்புறம் அவள் கேட்கவேண்டியதைக் கேட்டாள். போன் இங்கே இருந்தது சரி, அந்த அம்மா எங்கே இருந்தார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள்?

தெரு என்னைப் பார்த்தது. போனுக்குக் காவல் நான்தானே. மாமா தன் வாசலில் நிற்கிறார் என்று எனக்குத் தெரியும், ஒரே வரிசை என்பதால் முகம் தெரியவில்லை. என் வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குப் பேச்சு வரவில்லை.

எதிர்வரிசைக்காரி தொண்டையைச் செருமினாள். அவள் ஏரிக்குள் எப்போதும் அக்கா எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று கவனமாகப் பார்த்துவைத்துக்கொள்வாள், அந்தப் பக்கம் போகாமல் இருப்பதற்காக. அக்கா இல்லாத நாள் எது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"அவ அன்னிக்குத் தண்ணியிலயே..." என்று ஆரம்பித்தாள். பேச்சு நின்றது. மாமா வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையில் நான் பிடித்திருந்த குண்டானைப் பார்த்தாள். "தண்ணியிலயேதான் இருந்தா. வடக்கால, ரொம்ப தூரமா. நான் பாத்தேன். பக்கத்துல ஒரு ஆளு இல்ல."

சொல்லிவிட்டு விருட்டென்று உள்ளே போய்விட்டாள். ரொம்ப நாள் கழித்து ஒருமுறை அவளிடம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று. சண்டை வேறு, பெற்ற வயிற்றைக் காட்டிக்கொடுப்பது வேறு என்றாள். அவளும் இரண்டு பெண் பெற்றவள், அக்கா எங்கே போயிருப்பாள் என்று ஊகிக்காமலா இருப்பாள். ஆனால் அக்காவோடு சண்டை இன்றுவரை தீரவில்லை.

நர்ஸ் தலையாட்டினாள். ஆனாலும் மரத்தடியில் ஒன்றாக டீ குடிப்பவர்கள்தானே, எல்லாரும் டெஸ்ட் எடுத்துவிட்டு முடிவு வரும்வரை உள்ளேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை நோக்கி நடந்தாள். அவள் போய்விட்டால் உண்மையும் அவளோடு போய்விடும். கூப்பிட்டுச் சொல்லவும் முடியாது, நான் கிசுகிசுத்தாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். போனை எடுத்தேன். இடது கட்டைவிரலால், எழுத்துப் பிழையோடு, அவளுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். அனுப்பம்பட்டில் மாசமா இருக்கிற பொண்ணு ஒருத்தி, அந்த அக்கா மகள், அவளைத்தான் போய்ப் பார்த்தாள், அப்பாவுக்குத் தெரியாது, தெரியக் கூடாது. கீழே நம்பர்.

ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடியே அவள் படித்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. மாசமாக இருப்பவர்களுக்கு டெஸ்ட் எடுப்பது வழக்கம்தான், அந்தப் பக்கத்து நர்ஸ் வீட்டுக்கே போய் எடுத்துவிடுவாள், யார் பேரும் யாரிடமும் போகாது, இந்த மெசேஜை அழித்துவிடுங்கள் அக்கா என்று எழுதியிருந்தாள். நான் அதை மூன்று தடவை படித்துவிட்டு அழித்தேன். சத்தியத்தை மீறினேனா என்று கேட்டால், வாயைத் திறக்க மாட்டேன் என்றுதானே சத்தியம் செய்தேன், வாயை நான் திறக்கவே இல்லை. இது சொத்தைச் சமாதானம் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மகளுக்குக் கொரோனா என்றுதான் வந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூச்சையும் குழந்தையின் துடிப்பையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நேரத்தோடு வந்ததால் பயமில்லை என்றார்களாம்.

மறுநாள் மதியம் தெரு முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டின் பின்பக்கம் ஏரி. பாத்திரம் கழுவப் போனவள் திடுக்கிட்டேன். மாமா மார்பளவு தண்ணீரில், என் கொல்லைக்கு நேரே, கையில் நண்டுக் கயிற்றோடு நின்றுகொண்டிருந்தார். தன் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து தண்ணீருக்குள்ளேயே நடந்து வந்திருக்கிறார். அடைபட்ட மனுஷன் வெளியே வரலாமா என்று திட்ட வாயெடுத்தேன். இங்கே தன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள், மீனைத் தவிர என்றார். அப்புறம் கயிற்றை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"அனுப்பம்பட்டுக்குச் சொல்லியாச்சா?"

எந்த அனுப்பம்பட்டு மாமா என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"டபாய்க்காத. புள்ள டெஸ்ட்டு எடுத்துச்சா இல்லியா, அத்த மட்டும் சொல்லு."

எடுத்தாயிற்று, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள், உள்ளே இருப்பதும் நன்றாக இருக்கிறது என்றேன். அவர் குனிந்து இரண்டு கையாலும் ஏரித் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் அடித்துக்கொண்டே இருந்தார். நான் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா முதல்முறை லோடு ஆட்டோவில் ஏறிய அன்றே டிரைவர் அவரிடம் சொல்லிவிட்டானாம். நீ என்னிடம் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே, ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்தால் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும், சாக்கை மடித்துப் போடு என்று சொல்லி அனுப்பியவர் மாமா. அத்தனை மாதமும் மதியம் கரையிலிருந்து திரும்புகிற அக்காவிடம், இன்றைக்கு இறால் எப்படி என்று கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

உங்களுக்குத் தெரியும் என்று நான் அக்காவிடம் சொல்லிவிடட்டுமா என்றேன். எனக்கு அந்த நிமிஷமே முகாமுக்குப் போன் போட வேண்டும் போல இருந்தது.

"சொல்லிடாதமா. எனக்குத் தெரியும்னு ஆச்சுன்னா நான் கோவப்பட்டாவணும். தெருவுல சொன்ன வார்த்த கீது. தெரியாதவரிக்கும் அவ பாட்டுக்குப் போயினு வந்துனு இருப்பா."

சொல்லிவிட்டு, வந்த மாதிரியே தண்ணீருக்குள் நடந்து போய்விட்டார். நான் கையில் கரித்துணியோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நான் எப்போதும், ஒன்றை மறைக்கிறவன் ஏதோ தப்பு செய்கிறான் என்று நினைக்கிறவள். அதனால்தான் எல்லாவற்றையும் தோண்டுவேன். தெரியாத மாதிரி இருப்பதில் இத்தனை பிரியம் வைக்க முடியும் என்று அந்தக் கோபக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டால் நல்லது என்பதும் சரியில்லை, யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம் என்பதும் சரியில்லை. யாருக்குத் தெரிய வேண்டுமோ அவளுக்குத் தெரிந்தது. நர்ஸ் கெட்டிக்காரி.

அக்கா முகாமிலிருந்து பேசும் அளவுக்குத் தேறியதும், நர்ஸிடம் சொன்னதை ஒப்புக்கொண்டேன். திட்டப் போகிறாள் என்று போனைக் காதை விட்டுத் தள்ளிவைத்தேன். புள்ளைக்கு இன்னா சொன்னாங்க என்று மட்டும் கேட்டாள். நல்லா கீதாம் என்றேன். அப்ப சரி என்று வைத்துவிட்டாள். மாமா விஷயத்தை நான் சொல்லவில்லை. அன்றைக்கு எத்தனை வடை தின்றேன் என்று கேட்காதீர்கள்.

எங்கள் தெருவில் அக்காவைத் தவிர யாருக்கும் ஒன்றும் வரவில்லை. மூங்கிலை அவிழ்த்தார்கள். இப்போது ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையில் போனைக் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்குகிறார்கள், எனக்கு வேலை குறைந்துவிட்டது. அக்கா திரும்பி வந்த கொஞ்ச நாளில் பேத்தி பிறந்தாள். மாமா அன்று மத்தியானமே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தெருவில் ஒருவர் வார்த்தை என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, மகளைப் பற்றித்தான் சொன்னேன், பேத்தியைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லையே என்றார். இன்றுவரை மகளின் பேரை அவர் வாயால் சொன்னதில்லை. பாப்பாவோட அம்மா என்றுதான் கூப்பிடுகிறார். அவளும் என்ன நைனா என்று வந்து நிற்கிறாள்.

லோடு ஆட்டோவைப் பற்றி மட்டும் அந்த வீட்டில் இன்னும் யாரும் பேசவில்லை. மாமாவுக்குத் தெரியாது என்று அக்கா நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் அப்படி நினைப்பதை மாமா காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். இதை எழுதலாமா என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். பேர் போடாமல் எழுது என்று இருவரும் சொன்னார்கள். மாமா ஒருபடி மேலே போய் நண்டு வளைப் பக்கம் மட்டும் போகாதே என்றார். அப்புறம் இரண்டு பேருமே குரலைத் தாழ்த்திக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்.

"எழுதிக்கோ. ஆனா வூட்ல மட்டும் படிச்சுக் காட்டிடாத."